டிலன் பாட்டைக் கன்ட்ரி குரலில் கேட்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்கப் பாடலாசிரியரும் பாடகருமான பாப் டிலனைக் கேட்க ஆசைப்பட்டு, ஒரு பாட்டை ஓடவிட்டு, அந்தக் கரகரத்த மூக்குக் குரல் காதில் விழுந்ததும் நிறுத்திவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். அவர் பாட்டை முதலில் வேறொருவர் பாடிக் கேளுங்கள். அதிலும் கன்ட்ரி, அதாவது அமெரிக்கத் தென்மாநிலங்களின் கிராமத்து இசையிலிருந்து வளர்ந்த பாணியில் பாடுகிறவர்கள் பாடிக் கேளுங்கள்.

ஏன் கன்ட்ரி என்றால், அந்த இசையில் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். வாத்தியம் எவ்வளவு இனிமையாக வாசித்தாலும் பாடகர் வாயைத் திறந்ததும் ஒதுங்கி நிற்கும். டிலனிடம் இருக்கும் பெரிய சொத்தே சொல்தான். இன்னொரு காரணமும் உண்டு. மினசோட்டா மாநிலத்தில் ஹிப்பிங் என்ற இரும்புச் சுரங்க ஊரில் வளர்ந்த அந்தப் பையன், சிறுவயதில் ரேடியோவில் கேட்டு மனதைப் பறிகொடுத்தவர்களில் ஒருவர் கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ். நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் காபிக் கடைகளில் ஃபோக் (நாட்டுப்புற இசை) பாடகராக அறிமுகமாவதற்கு முன்பே கன்ட்ரி அவர் காதில் ஏறியிருந்தது. அதனால் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்விலின் பாடகர் ஒருவர் டிலன் பாட்டை எடுக்கும்போது, மணமாகிப் போன பெண் பிறந்த வீட்டுக்கு வருவதைப் போல அந்தப் பாட்டு இயல்பாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதை உங்கள் காதாலேயே நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு மூன்று சாயங்காலங்கள் ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஹெட்போன் கட்டாயம் வேண்டும். போன் ஸ்பீக்கரில் பேஸும் போய்விடும், ஸ்டீல் கிட்டாரின் இழைவும் போய்விடும். நான் சொல்லும் பதிவுகளில் அநேகமாக எல்லாமே வழக்கமான இசைச் செயலிகளில் கிடைக்கின்றன.

படி 1: ஒரே மெட்டை ஐந்து பதிவுகளில் கேளுங்கள்

தொடங்க வேண்டிய பாட்டு "டோன்ட் திங்க் ட்வைஸ், இட்ஸ் ஆல் ரைட்". 1962 நவம்பரில் டிலன் இதைப் பதிவுசெய்தபோது அவருக்கு வயது 21. 1963 மே மாதம் "தி ஃப்ரீவீலின் பாப் டிலன்" ஆல்பத்தில் வெளிவந்தது. சேவல் கூவும் நேரத்தில் காதலியை விட்டுவிட்டுக் கிளம்பும் ஒருவன் பேசுவதுதான் பாட்டு. 'பரவாயில்லை, நீ யோசிக்காதே' என்று வாய் சொல்கிறது. ஆனால் ஒவ்வொரு வரியிலும் ஒரு முள் இருக்கிறது.

முதலில் டிலனின் பதிவையே ஒரு தடவை கேளுங்கள். குரல் பிடிக்காவிட்டாலும் கிட்டாரைக் கவனியுங்கள். கட்டைவிரல் கீழ்ச்சுருதித் தந்திகளை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே போக, மற்ற விரல்கள் மேல்தந்திகளில் மெட்டைப் பின்னுகின்றன. இந்த வாசிப்புக்கு டிராவிஸ் பிக்கிங் என்று பெயர். மெர்ல் டிராவிஸ் என்ற கென்டக்கி மாநிலத்துக் கன்ட்ரி கிட்டார் கலைஞரின் பெயரால் வந்தது. பாருங்கள், 'ஃபோக்' என்று முத்திரை குத்திய பாட்டின் விரல்களிலேயே கன்ட்ரி இருக்கிறது.

மெட்டும் டிலன் தானாக உண்டாக்கியதல்ல. பால் கிளேட்டன் என்ற ஃபோக் பாடகர் பாடிய ஒரு பாட்டிலிருந்து எடுத்தது. கிளேட்டன் அதை அதைவிடப் பழைய ஒரு நாட்டுப்புறப் பாட்டிலிருந்து எடுத்திருந்தார். நம் ஊர் தெம்மாங்கு மெட்டு கைமாறுகிற மாதிரிதான்.

அடுத்து ஜானி கேஷின் "அண்டர்ஸ்டாண்ட் யுவர் மேன்". இது கவர் (ஒருவர் பாட்டை இன்னொருவர் எடுத்துப் பாடுவது) அல்ல, கேஷே எழுதியது. ஆனால் முதல் வரியிலேயே மெட்டு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். 1964-ல் இது கன்ட்ரி பாட்டுகளின் வெற்றிப் பட்டியலில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. டிலனின் ஆல்பத்தைக் கேஷ் எவ்வளவு ஆழமாகக் கேட்டிருந்தார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். மறு வருடமே "ஆரஞ்ச் பிளாசம் ஸ்பெஷல்" ஆல்பத்தில் டிலன் பாட்டையும் நேரடியாகப் பாடினார். அதுதான் மூன்றாவது பதிவு. கனத்த குரல், பின்னால் ரயில் போவதைப் போன்ற தட்டு. டிலனின் ஆள் முணுமுணுத்துக்கொண்டே நடக்கிறான் என்றால் கேஷின் ஆள் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறான்.

நான்காவது வேலன் ஜென்னிங்ஸ். அரிசோனாவில் ஜேடீஸ் என்ற கிளப்பில் பாடிக்கொண்டிருந்த காலத்தில், 1964-ல், அந்தக் கிளப்பின் பெயரிலேயே ஓர் ஆல்பம் பதிவுசெய்தார். அதில் இந்தப் பாட்டு இருக்கிறது. பின்னாளில் நாஷ்விலின் விதிகளை உடைத்த பெரிய ஆளாக ஆனவரின் இளமைக் குரல். ஒருமுறை கேட்டுவிட்டு மேலே போகலாம்.

ஐந்தாவதில்தான் நான் உங்களை உட்கார வைக்க விரும்புகிறேன். வில்லி நெல்சனும் மெர்ல் ஹாகர்டும் சேர்ந்து 2015-ல் வெளியிட்ட "ஜாங்கோ அண்ட் ஜிம்மி" ஆல்பம். வெளிவந்தபோது வில்லிக்கு 82 வயது, மெர்லுக்கு 78. இரண்டு கிழவர்களும் சரணங்களைப் பங்கு போட்டுக்கொண்டு பாடுகிறார்கள். வில்லி எப்போதும்போலத் தாளத்துக்குச் சற்று முன்னேயோ பின்னேயோ வரியைப் போடுகிறார். மெர்லின் குரலில் தேய்மானம் தெரிகிறது, ஆனால் சொல் ஒவ்வொன்றும் இடம் பார்த்து விழுகிறது. இடையில் ஓடும் நைலான் தந்தி கிட்டார் வில்லியின் 'ட்ரிகர்'. பல பத்தாண்டுகள் வாசித்து வாசித்து அதன் மரத்தில் ஓட்டையே விழுந்துவிட்டது. 21 வயதுப் பையன் பாடியபோது பழிவாங்கலாக இருந்த அதே வரிகள், இவர்கள் வாயில் வரும்போது கோபம் வற்றிப்போன ஒரு தோள்குலுக்கலாக மாறிவிடுகின்றன. 'நீ என் நேரத்தைத்தான் கொஞ்சம் வீணடித்தாய்' என்ற பொருளில் கடைசியில் ஒரு வரி வரும். வாழ்க்கையில் இன்னும் நிறைய நேரம் வைத்திருக்கும் பையன் அதைச் சொல்வது ஒன்று. நேரம் கொஞ்சமே மிச்சமுள்ளவர் சொல்வது வேறு. மெர்ல் ஹாகர்ட் மறுவருடம் ஏப்ரல் 6-ஆம் தேதி, தன் 79-வது பிறந்த நாளன்று காலமானார்.

ஒரு மெட்டு, ஐந்து பதிவுகள். இதோடு முதல் சாயங்காலத்தை முடித்துக்கொள்ளலாம்.

படி 2: வாத்தியங்களைப் பிரித்துக் கேட்கப் பழகுங்கள்

கன்ட்ரி கவரை ரசிக்கக் காதுக்கு இரண்டு மூன்று அடையாளங்கள் தெரிந்தால் போதும். முதலில் பெடல் ஸ்டீல். மேஜை போலக் கிடக்கும் வாத்தியம். இடது கையில் ஓர் இரும்புக் கட்டை, அதைத் தந்திமேல் வழுக்கிச் சுருதியை இழைப்பார்கள். காலடியில் பெடல்கள், முழங்காலில் நெம்புகோல்கள். ஒரு தந்தி நிற்கும்போதே இன்னொன்றைத் தளர்த்தலாம், இறுக்கலாம். சித்திரவீணை கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே பிடிபடும். அங்கேயும் மெட்டுக் கட்டைகள் (ஃப்ரெட்) இல்லாத தண்டின்மேல் கட்டையை வழுக்கித்தான் கமகம் எடுக்கிறார்கள். பெடல் ஸ்டீலின் முன்னோர் ஹவாய் தீவின் மடிமேல் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டார்.

இதைக் கேட்க டிலனின் "ஐ வில் பி யுவர் பேபி டுநைட்" பாட்டைப் போடுங்கள். 1967-ன் "ஜான் வெஸ்லி ஹார்டிங்" ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. ஸ்டீல் வாசிப்பவர் பீட் டிரேக். பாடகர் ஒரு வரியை முடித்து மூச்சு விடும் இடத்தில் ஸ்டீல் நுழைந்து அந்த வரிக்குப் பதில் சொல்லும். கச்சேரியில் வயலின் பாடகரின் சங்கதியை வாங்கித் திருப்பித் தருவதைப் போல. இந்தப் பாட்டைக் கன்ட்ரி பாடகர்கள் விட்டுவைக்கவே இல்லை. லிண்டா ரான்ஸ்டாட், எம்மிலூ ஹாரிஸ் இருவருமே தங்கள் ஆரம்ப ஆல்பங்களில், 1969-லேயே பாடிவிட்டார்கள்.

இரண்டாவது, கேஷின் பின்னணித் தட்டு. பூம்-சிக்கா-பூம் என்று அதை வாயாலேயே சொல்வார்கள். ஆரம்பத்தில் டிரம்ஸ் இல்லாததால் கேஷ் தன் கிட்டார் தந்திகளுக்கு நடுவே காகிதத்தை மடித்துச் செருகி, அந்தச் 'சிக்' சத்தத்தை உண்டாக்கினார். மூன்றாவது, ஃபிடில் (நம் வயலின்தான்), பேஞ்சோ (தோல் போர்த்திய வட்ட உடல் கொண்ட தந்தி வாத்தியம்), டோப்ரோ (உலோகத் தட்டு பொருத்திய கிட்டார்). இவை காதில் விழுந்ததுமே அடையாளம் தெரிந்துவிடும்.

கிட்டார் வாசிப்பவர்களுக்கு ஒரு விஷயம். நாஷ்வில் ஸ்டுடியோக்களில் சுரக்குறிப்பு எழுதி வாசிப்பதைவிட எண்களால் எழுதுவதுதான் வழக்கம். ஜோர்டனேர்ஸ் குழுவின் நீல் மாத்யூஸ் ஆரம்பித்து, சார்லி மெக்காய் பரவலாக்கிய முறை இது. ஸ்கேலின் முதல் சுரத்தில் நிற்கும் கார்டு 1, நான்காவதில் நிற்பது 4, ஐந்தாவதில் நிற்பது 5. நாம் சுருதி எதுவானாலும் ச, ம, ப என்று சொல்கிறோம் அல்லவா, அதே புத்திதான். பாடகர் சுருதியை மாற்றினாலும் தாளில் எதையும் அழித்து எழுத வேண்டாம். இனி வரும் பாட்டுகளில் இந்த எண்களைப் பயன்படுத்துகிறேன்.

படி 3: ஜானி கேஷிடம் நன்றாக நில்லுங்கள்

டிலனுக்கும் கன்ட்ரிக்கும் நடுவில் ஒரு பாலம் உண்டென்றால் அது கேஷ்தான். "ஃப்ரீவீலின்" ஆல்பத்தைக் கேட்டுவிட்டு அவரே டிலனுக்குக் கடிதம் எழுதினார், நட்பு ஆரம்பித்தது. டிலன் போராட்டப் பாட்டுகளை விட்டுத் தன் சொந்த வழியில் போகிறார் என்று 1964-ல் ஃபோக் வட்டாரம் குறைப்பட்டபோது, "பிராட்சைட்" பத்திரிகைக்குக் கேஷ் ஒரு கடிதம் அனுப்பினார். 'வாயை மூடுங்கள், அவரைப் பாட விடுங்கள்' என்பது அதன் சாரம். அதே வருடம் நியூபோர்ட் ஃபோக் விழாவில் தன் கிட்டாரை டிலனுக்குப் பரிசாகக் கொடுத்தார். கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்த ஒருவர், தன்னைவிட ஒன்பது வயது இளையவருக்கு இப்படித் தோள் கொடுத்தது எனக்கு இன்றும் நெகிழ்ச்சியான விஷயம்.

முதலில் கேட்க வேண்டியது "இட் எய்ன்ட் மீ, பேப்". 1964 கடைசியில் வெளிவந்து கன்ட்ரி பட்டியலில் 4-ஆம் இடம் வரை போனது. 'நீ தேடும் ஆள் நானில்லை' என்று ஒருவன் ஒருத்தியிடம் சொல்லும் பாட்டு. டிலன் தனியாகப் பாடும்போது கதவைச் சாத்துகிற சத்தம் அதில் கேட்கும். கேஷ் இதில் பாடகி ஜூன் கார்ட்டரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறார். மறுக்கிறவனும் மறுக்கப்படுகிறவளும் ஒரே பல்லவியைச் சேர்ந்து பாடினால் என்ன ஆகும்? மறுப்பே ஒரு காதல் சண்டையாகிவிடுகிறது. ஒரு சொல்லும் மாறாமல் பொருள் மாறிவிட்டது. கவர் என்ற கலையை யாருக்காவது ஒரே உதாரணத்தால் விளக்க வேண்டுமென்றால் நான் இதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

பிறகு 1969. பிப்ரவரி 17, 18 தேதிகளில் இருவரும் நாஷ்விலில் ஒன்றாகப் பாடிப் பதிவுசெய்தார்கள். அதில் ஒன்றான "கேர்ள் ஃப்ரம் தி நார்த் கன்ட்ரி" மட்டும் ஏப்ரலில் வந்த "நாஷ்வில் ஸ்கைலைன்" ஆல்பத்தின் முதல் பாட்டானது. மீதி அதிகாரபூர்வமாக வெளிவர 2019 ஆயிற்று. அந்தப் பாட்டைக் கூர்ந்து கேட்டால் இருவரும் சில இடங்களில் ஒரே நேரத்தில் வெவ்வேறு சொற்களைப் பாடுவது தெரியும். திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். நல்லவேளை. இரண்டு நண்பர்கள் ஒரு பழைய காதலியை நினைத்துக்கொண்டு ஆளுக்கொரு ஞாபகத்தைச் சொல்வதைப் போல இருக்கிறது. அந்த ஆல்பத்தின் உறையில் கேஷ் எழுதிய கவிதைக் குறிப்புக்குக் கிராமி விருதும் கிடைத்தது.

அந்தப் பதிவு முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பிப்ரவரி 24 அன்று கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் கைதிகள் முன்னால் கேஷ் பாடினார். அதில் டிலன் அவருக்காக எழுதிக் கொடுத்த "வான்டட் மேன்" இருக்கிறது. ஊர் ஊராகப் பெயர் சொல்லி, இங்கேயும் என்னைத் தேடுகிறார்கள், அங்கேயும் தேடுகிறார்கள் என்று போகும் பாட்டு. கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அனைவரும் தேடிப் பிடிக்கப்பட்டவர்கள். பாட்டோடு சேர்த்து அவர்கள் எழுப்பும் ஆரவாரத்தையும் கேளுங்கள். அந்தச் சத்தம் இல்லாமல் இந்தப் பாட்டு பாதிப் பாட்டுதான்.

படி 4: நாஷ்விலுக்கு டிலனே போன கதை

இது கவர் அல்ல, ஆனால் இதைத் தாண்டிப் போக முடியாது. 1965-ல் நியூயார்க்கில் "டெசலேஷன் ரோ" பதிவின்போது, ஊர் சுற்றிப் பார்க்க வந்திருந்த சார்லி மெக்காய் கிட்டார் வாசித்துக் கொடுத்தார். தயாரிப்பாளர் பாப் ஜான்ஸ்டன் அதைச் சாக்காக வைத்து, நாஷ்விலுக்கே வந்து பதிவுசெய்யலாம் என்று டிலனைச் சம்மதிக்க வைத்தார். 1966-ல் "பிளாண்ட் ஆன் பிளாண்ட்" ஆல்பத்தின் பெரும்பகுதி அங்கே பிறந்தது.

நாஷ்வில் கலைஞர்கள் மூன்று மணி நேரத்தில் மூன்று நான்கு பாட்டை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள். டிலனோ ஸ்டுடியோவில் உட்கார்ந்து வரிகளை எழுதிக்கொண்டே இருந்தார். அவர்கள் சீட்டாடிக்கொண்டும் தூங்கி வழிந்துகொண்டும் காத்திருந்தார்கள். விடிகாலை நான்கு மணிவாக்கில் கூப்பிட்டு ஒரு பாட்டைத் தொடங்கினார். "சாட்-ஐட் லேடி ஆஃப் தி லோலேண்ட்ஸ்". எவ்வளவு நீளம் என்று யாருக்கும் தெரியாது. இதுதான் கடைசிப் பல்லவி என்று நினைத்து வாத்தியக்காரர்கள் உச்சத்துக்குக் கொண்டுபோவார்கள். டிலன் இன்னொரு சரணத்தை ஆரம்பிப்பார். பதினொரு நிமிடத்துக்கு மேல். கென்னி பட்ரியின் டிரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள், ஏறி ஏறி இறங்குவது நன்றாகத் தெரியும்.

அந்த நாட்களில் அதே ஸ்டுடியோவில் தரை துடைக்கும் வேலையில் இருந்தவர் கிரிஸ் கிறிஸ்டோபர்சன். பிறகு அவரே கன்ட்ரியின் மிகப் பெரிய பாடலாசிரியர்களில் ஒருவரானார். கன்ட்ரியில் டிலனுடைய பாதிப்பு பாட்டுகளை எடுத்துப் பாடியதோடு நிற்கவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஜோன் பேயஸும் 1968-ல் நாஷ்வில் கலைஞர்களை வைத்து முழுக்க டிலன் பாட்டுகளாலான "எனி டே நவ்" என்ற இரட்டை ஆல்பத்தைப் பதிவுசெய்தார். ஃபோக் குரல், கன்ட்ரி கை. நேரமிருந்தால் கேளுங்கள்.

படி 5: பேர்ட்ஸ், ஓப்ரி, ஒரு மாறிப்போன வரி

1968-ல் பேர்ட்ஸ் என்ற ராக் குழு, கிராம் பார்சன்ஸ் சேர்ந்த பிறகு, கன்ட்ரி பக்கம் திரும்பி "ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ" ஆல்பத்தைக் கொண்டுவந்தது. முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் டிலனுடையவை. இரண்டுமே அப்போது டிலனின் சொந்தக் குரலில் வெளிவராதவை. முதல் பாட்டு "யூ எய்ன்ட் கோயின் நோவேர்". லாய்ட் கிரீன் வாசித்த பெடல் ஸ்டீலோடு தொடங்கும். அந்த முதல் சில நொடிகளே போதும், கன்ட்ரி-ராக் என்ற பாணிக்கே வாசல் திறந்துவிட்டது போல இருக்கும்.

பாட்டு முழுவதும் 1, 2 மைனர், 4, 1 என்று ஒரே சுற்றுதான். கிட்டார் பிடித்து ஒரு வாரம் ஆனவர்கள்கூட வாசித்துவிடலாம்.

ஆல்பப் பதிவின் நடுவே, மார்ச் மாதம், நாஷ்விலின் ரைமன் அரங்கில், கன்ட்ரி இசையின் பழம்பெரும் வானொலி நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஓப்ரியில் குழு பாடியது. நீள முடிக்காரர்கள் என்று ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். போதாக்குறைக்கு, அறிவித்த பாட்டை விட்டுவிட்டுப் பார்சன்ஸ் தன் பாட்டியின் நினைவாகத் தன் சொந்தப் பாட்டைப் பாடிவிட்டார். ஓப்ரிக்காரர்களுக்கு அது பெரிய மரியாதைக் குறைவாகப்பட்டது.

"யூ எய்ன்ட் கோயின் நோவேர்" பாட்டில் பேர்ட்ஸின் ரோஜர் மெக்வின் ஒரு வரியில் இரண்டு வினைச்சொற்களை இடம் மாற்றிப் பாடிவிட்டார். பணத்தை எடு, கூடாரத்தை மூட்டை கட்டு என்பதற்குப் பதிலாகப் பணத்தை மூட்டை கட்டு, கூடாரத்தை எடு. 1971-ல் டிலன் மறுபடி பாடிப் பதிவுசெய்தபோது மெக்வின் பெயரையே வரியில் சேர்த்துச் செல்லமாகச் சீண்டினார். 1989-ல் நிட்டி கிரிட்டி டர்ட் பேண்டின் ஆல்பத்துக்காக மெக்வினும் பேர்ட்ஸில் கூட இருந்த கிரிஸ் ஹில்மனும் இதே பாட்டைத் திரும்பப் பாடினார்கள். அது கன்ட்ரி பட்டியலில் 6-ஆம் இடத்தைப் பிடித்தது. ஒரு காலத்தில் உள்ளே விட யோசித்த வீடு, இருபது வருடத்தில் இலை போட்டு உட்கார வைத்தது.

படி 6: புளூகிராஸ், ஒட்டாததும் ஒட்டியதும்

எல்லாக் கவரும் நன்றாக அமையாது. சரியாக அமையாதவற்றையும் கேட்டால்தான் நல்லது எதனால் நல்லது என்று புரியும். லெஸ்டர் ஃபிளாட், ஏர்ல் ஸ்க்ரக்ஸ் இருவரும் புளூகிராஸின், அதாவது பேஞ்சோ, ஃபிடில் வைத்து வேகமாக வாசிக்கும் கன்ட்ரிக் கிளையின் தூண்கள். 1968-ல் "சேஞ்சின் டைம்ஸ்" ஆல்பத்தில் டிலன் பாட்டுகளை வரிசையாகப் பாடினார்கள். ஸ்க்ரக்ஸுக்குப் புதிய இசைமேல் ஆர்வம் இருந்தது. ஃபிளாட்டுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. 1969-ல் இருவரும் பிரிந்தார்கள். இந்த இசைக் கருத்து வேறுபாடும் அதற்கு ஒரு காரணம். பேஞ்சோ பிரமாதமாக ஓடுகிறது, ஆனால் பாடுகிறவர் அந்த வரிகளுக்குள் குடியிருக்கவில்லை என்றுதான் என் காதுக்குப் படுகிறது. இரண்டு பாட்டு கேட்டால் போதும்.

உடனே டிம் ஓ'பிரையனின் "ரெட் ஆன் பிளாண்ட்" ஆல்பத்துக்குப் போங்கள். 1996, 13 பாட்டுகள், எல்லாம் டிலன். எல்லோரும் பாடிய பிரபல பாட்டுகளோடு நிற்காமல் ஓரத்தில் கிடந்தவற்றையும் எடுத்திருக்கிறார். "சப்டெரேனியன் ஹோம்சிக் புளூஸ்" பாட்டின் மூச்சுவிடாத சொற்பொழிவு புளூகிராஸ் வேகத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல உட்காருகிறது. என் தனிப்பட்ட பட்டியலில் இந்த ஆல்பத்துக்கு எப்போதும் இடமுண்டு.

படி 7: பெண் குரல்களைத் தேடிக் கேளுங்கள்

டிலன் பாட்டுகளில் பேசுபவன் பெரும்பாலும் ஆண், கிளம்பிப் போகிறவனும் அவனே. அதனால் ஒரு பெண் பாடும்போது கோணமே திரும்புகிறது. "பூட்ஸ் ஆஃப் ஸ்பானிஷ் லெதர்" இரண்டு பேர் பேசிக்கொள்ளும் பாட்டு. ஒருவர் கடல் தாண்டிப் போகிறார். ஒருவர் கரையில் நிற்கிறார். உனக்கு அங்கிருந்து என்ன அனுப்பட்டும் என்று போகிறவர் திரும்பத் திரும்பக் கேட்க, நீ திரும்பி வந்தால் போதும் என்கிறார் நிற்கிறவர். கடைசியில் திரும்பி வரும் உத்தேசமில்லை என்று புரிந்ததும், சரி, ஸ்பானிஷ் தோலில் செய்த பூட்ஸ் அனுப்பு என்கிறார். டெக்சஸ்காரரான நான்சி கிரிஃபித் 1993-ல் "அதர் வாய்சஸ், அதர் ரூம்ஸ்" ஆல்பத்தில் இதைப் பாடினார். ஹார்மோனிகா வாசித்திருப்பவர் டிலனே. அந்தக் கடைசிச் சரணத்தில் நான்சி குரலை உயர்த்தவே இல்லை. பொருள் கேட்கிற பேச்சு, அவ்வளவு அமைதியாக. சங்கப் பாட்டில் பொருள்வயின் பிரிவு படித்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது.

எம்மிலூ ஹாரிஸ் 1976-ல் வெளிவந்த டிலனின் "டிசையர்" ஆல்பத்தில் கூடப் பாடியவர். 1995-ல் "ரெக்கிங் பால்" ஆல்பத்தில் "எவ்ரி கிரெயின் ஆஃப் சாண்ட்" பாடினார். விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டிய பாட்டு. அதற்கு மேல் அதை விவரிக்க எனக்கு விருப்பமில்லை.

படி 8: பட்டியலின் உச்சிக்குப் போன இரண்டு

முதலாவது கார்த் புரூக்ஸின் "டு மேக் யூ ஃபீல் மை லவ்". 1997-ல் "டைம் அவுட் ஆஃப் மைண்ட்" ஆல்பத்தில் டிலன் பாடியது. மறு வருடமே கார்த் ஒரு திரைப்படத்துக்காகப் பாடி கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தார். அதே படத்தின் ஆல்பத்தில் ட்ரிஷா இயர்வுட் பாடிய பதிவும் உண்டு. டிலன் பாடும்போது காதல் கிடைக்காது என்று தெரிந்தும் கெஞ்சுகிற ஆள் தெரிகிறார். கார்த் பாடும்போது நிச்சயம் கிடைத்துவிடும் என்று தோன்றுகிறது. எனக்கு முதலாவதுதான் பிடிக்கும்; ஆனால் கல்யாண வீட்டில் போடுவதற்கு இரண்டாவதுதான் பொருத்தம்.

இரண்டாவது "வேகன் வீல்". இதன் வரலாறு அலாதியானது. 1973-ல் ஒரு திரைப்பட இசைப் பதிவின்போது டிலன் ஒரு பல்லவியை மட்டும் முனகி, முடிக்காமல் விட்டுவிட்டார். அந்தத் திருட்டுப் பதிவு கைமாறிக் கைமாறி, இருபது வருடம் கழித்து, பள்ளியில் படித்துக்கொண்டிருந்த கெட்ச் செகோர் காதில் விழுந்தது. பையனுக்கு 17 வயது, ஊர் நினைப்பு. வடக்கே நியூ இங்கிலாந்திலிருந்து தெற்கே வட கரோலினாவின் ராலீ நகரம் வரை வழியில் வண்டி பிடித்துப் போகிறவனின் கதையாகச் சரணங்களை அவரே எழுதிச் சேர்த்தார். பிறகு உரிமை கேட்டபோது, அந்தப் பல்லவி தன்னுடையதல்ல, ஆர்தர் குரூடப்பிடமிருந்து வந்தது என்றும், அவர் அதைப் பிக் பில் புரூன்ஸியிடமிருந்து பெற்றிருப்பார் என்றும் டிலன் தரப்பு சொன்னது. இருவரும் கறுப்பின புளூஸ் பாடகர்கள். கடைசியில் டிலனும் செகோரும் பாதிக்குப் பாதி என்று எழுதிக்கொண்டார்கள்.

செகோரின் குழுவான ஓல்ட் குரோ மெடிசின் ஷோ 2004-ல் இதை வெளியிட்டது. டேரியஸ் ரக்கர் தன் மகளின் பள்ளி விழாவில் ஆசிரியர்கள் இதை வாசிப்பதைக் கேட்டுவிட்டு, தானே பாடி, 2013-ல் கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். கிராமியும் வாங்கினார். கறுப்பினப் பாடகரான அவர் வாயில், கறுப்பின புளூஸில் தொடங்கிய பல்லவி மறுபடி ஒலித்தது. கேட்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு சின்ன விஷயம்: பாட்டில் வருபவர் கம்பர்லண்ட் கணவாயிலிருந்து மேற்கே ஜான்சன் சிட்டிக்குப் போவதாக வரும். வரைபடத்தில் ஜான்சன் சிட்டி கிழக்கே இருக்கிறது. வீடு நினைப்பில் இருக்கும் 17 வயதுக்கு அது பெரிய குற்றமில்லை.

படி 9: இனி நீங்களே பாடிப் பாருங்கள்

"வேகன் வீல்" எடுத்துக்கொள்ளுங்கள். 1, 5, 6 மைனர், 4. பிறகு 1, 5, 4. இந்த இரண்டு வரிதான் முழுப் பாட்டும். ஜி சுருதியில் ஜி, டி, ஈ மைனர், சி. அடுத்த தடவை ஜி, டி, சி. இரண்டாவது வரியில் 4-ல் இரண்டு மடங்கு நேரம் நிற்க வேண்டும், அதை மறந்தால் பாட்டு தடம் புரளும். இது கைவந்த பிறகு "யூ எய்ன்ட் கோயின் நோவேர்". "டோன்ட் திங்க் ட்வைஸ்" கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். டிலன் நான்காவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்திச் சுருதியை ஏற்றும் கவ்வி) மாட்டி, சி வடிவங்களில் வாசிக்கிறார். அந்தக் கட்டைவிரல் பழக்கம் வரச் சில வாரம் ஆகும். தினம் பத்து நிமிடம், வலது கை மட்டும், வேகமே இல்லாமல்.

பாடும்போது டிலன் குரலைப் பாவனை செய்யாதீர்கள். இத்தனை பேர் பாடியதைக் கேட்டீர்களே, ஒருவர்கூட அதைச் செய்யவில்லை. முதலில் வரிகளைத் தாளம் இல்லாமல், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதைப் போலச் சொல்லிப் பாருங்கள். எங்கே மூச்சு விடுகிறீர்கள், எந்தச் சொல்லில் தானாக அழுத்தம் விழுகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அழுத்தத்தைத் தாளத்துக்குள் கொண்டுவருவதுதான் வேலை. சரணங்களில் எதையாவது விட வேண்டுமென்றால் நடுவில் விடலாம், கடைசிச் சரணத்தை மட்டும் விடக் கூடாது. டிலன் கத்தியை அங்கேதான் வைத்திருப்பார்.

இணையத்தில் பதிவேற்றுவதாக இருந்தால், டிலன் 2020 டிசம்பரில் தன் பாடல்களின் எழுத்துரிமையை யுனிவர்சல் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார் என்பது தெரிந்திருக்கட்டும். பாட்டு அடையாளம் காணப்பட்டு, விளம்பர வருமானம் உரிமைக்காரருக்குப் போகலாம். எழுதியவர் பெயரை மறக்காமல் போடுங்கள். "வேகன் வீல்" என்றால் டிலன், செகோர் இரண்டு பெயரும் வர வேண்டும்.

சுருதி தேர்ந்தெடுக்கும்போது பல்லவியின் உச்சச் சுரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கடைசிச் சரணத்தின் முதல் வரியை, நான்கு நிமிடம் பாடிக் களைத்த குரலில், கிட்டத்தட்ட பேசுகிற சத்தத்தில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் கேப்போவை ஒரு ஃப்ரெட் இறக்கி மறுபடி முதலிலிருந்து பாடுங்கள்.